ஒரு வரியும் விடாத தகரம்

உலகத்தில் இதுவரை பிறந்த கம்ப்யூட்டர் நிபுணர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் குடும்பத்தோடு உட்காரவையுங்கள். மறு தட்டில் என் அத்தையின் இடது காதை மட்டும் வையுங்கள். நிபுணர்கள் தட்டு விர்ரென்று மேலே போய்க் கூரையில் இடிக்கும். எறும்பு தும்மினால், எந்த எறும்பு, சளி பிடித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடும் காது அது. அத்தை வருகிறாள் என்று தெரிந்தால் ஊரில் உள்ள கணினிகள் எல்லாம் எழுந்து நிற்கும். கால் இல்லாத காரணத்தால் உட்கார்ந்தபடியே மரியாதை செய்கின்றன, அவ்வளவுதான்.

இதில் கால்வாசி பொய். மீதி முக்கால்வாசியும் பொய்தான். ஆனால் அந்தக் காது விஷயம் மட்டும் உண்மை. அதில் நான் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

அத்தை என் அப்பாவின் தங்கை. வயது ஐம்பத்தொன்று. ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது பார்வையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. முந்நூற்றுப் பத்து உள் எண்களும் மனப்பாடம். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாட்டில் நாலு வரிக்கு மேல் நாக்கு புரளாது. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னை இரண்டு முறை மண்ணைக் கவ்வ வைத்தது. மூன்றாவது முறை அதன் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இப்போது பதினேழு வயதில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று சான்றிதழில் இருக்கிறது. அத்தை வைத்த பெயர் வாலு. அதுதான் நிலைத்தது.

அத்தையின் அறைக்குள் நீங்கள் நுழைந்தால் முதலில் ஒன்றும் புரியாது. மேஜை இருக்கும். மேஜைக்குக் கீழே கணினிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். விசைப்பலகை இருக்கும், எழுத்தெல்லாம் தேய்ந்து வழுக்கையாக. மானிட்டர் மட்டும் இருக்காது. அது ஆறு வருடமாக என் அறையில் இருக்கிறது. பதினோரு வயதில் நான் அதைச் சத்தமில்லாமல் கழற்றி எடுத்துக்கொண்டு போனேன். பார்வை இல்லாதவளுக்குத் தெரியவா போகிறது என்ற தைரியம். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் அத்தை சாதாரணமாகக் கேட்டாள்:

“வாலு, மானிட்டர் உன் ரூம்ல சௌகரியமா இருக்கா?”

எனக்குப் புரையேறியது. “எப்படித் தெரியும்?”

“டைப் அடிச்சா எதிர்ல மோதித் திரும்பி வர்ற சத்தம் வரலை. மேஜை வெறிச்சுனு கிடக்கு. நீயே வச்சுக்கோ. எனக்கு அது வெறும் சுவரு.”

மானிட்டருக்குப் பதில் அத்தையிடம் இருப்பது ஒரு குரல். திரையில் இருப்பதை எல்லாம் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரல். மனிதக் குரல் மாதிரி இருக்காது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்கியது போல் இருக்கும். அதனால் அதற்குப் பெயர் தகரம். அத்தை அதைச் சாதாரண வேகத்தைப் போல மூன்று மடங்கில் ஓட்டுவாள். நமக்குக் கட கட கடவென்று கேட்கும். அத்தைக்கு அது செய்தி, பேங்க் தகவல், சமையல் குறிப்பு, ஆபீஸ் சுற்றறிக்கை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதாமல் ஏமாற்றியதெல்லாம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். இந்த வீட்டில் எனக்குப் பிடித்த சத்தம் அது ஒன்றுதான். அது கேட்காத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்காது.

போன வருடம் ஒரு நாள் தகரமே அந்தக் கெட்ட செய்தியைப் படித்தது. அந்தக் கணினியில் ஓடிய பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராதாம். புதிய விண்டோஸைப் போடலாம் என்றால் இந்தப் பெட்டிக்கு அதற்கான தகுதி இல்லையாம்.

“பத்தாவது பெயிலான கம்ப்யூட்டர்,” என்றேன்.

“உன் தோஸ்துதான்,” என்றாள் அத்தை.

அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம் என்று நாட்கள் ஓடின. ஒரு திங்கட்கிழமை காலை பெட்டிக்குள்ளிருந்து பல் நறநறக்கும் சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அத்தை பதறவில்லை. முக்கியமானதை எல்லாம் வாராவாரம் பென்டிரைவில் எடுத்துவைக்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. பதறியது அவளுடைய விரல்கள். பகல் ஷிஃப்ட் முடிந்து வந்து, வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து, செத்துப்போன விசைப்பலகையில் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வாலு, உன் போன்ல என் மெயிலைத் திறந்து பாரு. ஏதாவது வந்திருக்கா?”

அத்தையிடம் இருப்பது பொத்தான் போன். தொடுதிரை போன் அவளுக்கு ஆகாது. ‘வழவழன்னு கண்ணாடி, எங்க கையை வச்சாலும் ஒண்ணைத் திறந்து வைக்குது’ என்பாள். அதனால் மெயில் பார்க்க வீட்டில் கணினிதான். கிட்டே கூப்பிட்டு, பாஸ்வேர்டை என் காதில் சொன்னாள். அப்பாவுக்குக்கூடத் தெரியாத பாஸ்வேர்டு. என்னை நம்பிச் சொன்னாள் பாருங்கள், அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஒரே ஒரு மெயில் வந்திருந்தது. ஊழியர் குடியிருப்பு ஒதுக்கீட்டு அலுவலகத்திலிருந்து.

அத்தை தனி வீட்டுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்பதே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பே போட்டிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. தகரத்துக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

“யாருகிட்ட இருந்து?” என்றாள்.

“குடியிருப்பு ஆபீஸ்.”

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். “படி.”

படித்தேன். “தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் அனுப்பிய ஆவணங்கள் சரியாக உள்ளன.” அடுத்து இருந்தது இதுதான்: தரைத்தளத்தில் ஓர் அறை வீடு தங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதத்தைத் தெரிவிக்கவும். பதில் வராவிட்டால் விருப்பமில்லை எனக் கருதி அடுத்தவருக்கு வழங்கப்படும்.

அதை நான் படிக்கவில்லை. “நன்றி,” என்று கடைசி வார்த்தைக்குப் போய்விட்டேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“சரி. பரிசீலிச்சிருக்காங்களே, அதுவே பெரிசு,” என்று சொல்லி எழுந்து போனாள். போகும்போது நான் நகர்த்தி வைத்திருந்த ஸ்டூலில் முழங்கால் இடித்தது.  தடவிக்கொண்டே போனாள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அந்த நேரத்தில் எனக்குக் குறும்பு மாதிரிதான் இருந்தது. உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் இடம் மாற்றி வைப்பது போல. வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் வீடு வேறு யாருக்காவது போய்விடும். அத்தை இங்கேயே இருப்பாள். யாருக்கு என்ன நஷ்டம்? ஒரே ஒரு சிக்கல்தான். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தகரம் பேசத் தொடங்கிவிட்டால் குட்டு வெளியாகிவிடும்.

ஆகவே, அத்தை எந்த சிஸ்டத்தைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதில் திடீரென்று எனக்கு அக்கறை பிறந்தது.

ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் கடை. அதில் கடைக்காரர் ஒருவர், மெக்கானிக் அண்ணன் ஒருவர். மெக்கானிக் அண்ணனை எல்லாரும் ‘பெங்குவின்’ என்றுதான் கூப்பிடுவார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் என்றால் பைத்தியம். அதன் சின்னமான பெங்குவின் படத்தை டூல்பாக்ஸில் ஒட்டி வைத்திருப்பார். நடையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து, செத்த டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“அக்கா, பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. டிஸ்க் மட்டும்தான் போச்சு. ஒரு சின்ன டிஸ்க் போட்டு லினக்ஸ் ஏத்திட்டா இன்னும் ஆறேழு வருஷம் ஓடும். தகரம் அதுலயும் இருக்கு. காசே கிடையாது. நாளன்னைக்கே முடிச்சுடலாம்.”

“காசு கிடையாதுன்னா என்னமோ விஷயம் இருக்கு,” என்றார் அப்பா. அப்பாவுக்கு ஓசியில் வருவது எல்லாமே சந்தேகக் கேஸ். “பாப்பா, புதுசு வாங்கிடலாம். கடைக்காரர் அடுத்த செவ்வாய்க்கிழமை தர்றேன்னாரு. அதுவரைக்கும் உனக்கு வர்ற லெட்டரை நான் படிச்சுக் காட்டமாட்டேனா?”

ஐம்பத்தொரு வயதுத் தங்கையை அப்பா இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

“நீ படிச்சுக் காட்டின வரைக்கும் போதும் அண்ணா,” என்றாள் அத்தை. குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. அப்பா எழுந்துபோய்த் தேவையில்லாமல் ஒரு ஜன்னலைச் சாத்தினார்.

அத்தை மெக்கானிக்கிடம் கேட்டாள். “தம்பி, விண்டோஸ்ல பன்னெண்டு வருஷமா என் விரல் பழகியிருக்கு. கண்ணை மூடிட்டு வேலை பார்ப்பேன்.”

அண்ணன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்.

“சிரிங்க தம்பி, சிரிக்கத்தான் சொன்னேன். லினக்ஸ்ல கீபோர்டு சாவியெல்லாம் மாறுமா?”

“கொஞ்சம் மாறும் அக்கா. ஒரு மாசம் தடுமாறும். விண்டோஸ்னா புதுப் பெட்டி வாங்கணும், ஆனா பழகின வழி. ஆப்பிள் மேக்ல குரல் எல்லாம் கூடவே வருது, நல்லா இருக்கும், விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும். எதுவும் மட்டம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது ஒத்துவருதுங்கறதுதான்.”

“அப்ப மூணையும் கேட்டுப் பார்த்துட்டு முடிவு பண்றேன். பொண்ணு பார்க்கற மாதிரி மூணும் என் முன்னாடி வந்து ஒரே லெட்டரைப் படிக்கட்டும்.”

புதன்கிழமை மத்தியானம் கடையில் தேர்வு. கடைக்காரரின் விண்டோஸ் ஒன்று, மேக் ஒன்று, மூன்றாவதாக மெக்கானிக் அண்ணனின் சொந்த லினக்ஸ் மடிக்கணினி. அண்ணன் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் போய், அந்த லினக்ஸ் தகரத்தின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தேன். இழவு வீட்டில் இரங்கல் வாசிப்பது போல் இழுக்கும். அத்தை வெறுத்துப்போய் வேறொன்றைச் சொல்வாள். அது வர செவ்வாய்க்கிழமை ஆகும். வெள்ளிக்கிழமை அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். கணக்கில் இரண்டு முறை தவறிய மூளை என்பது மறந்துவிட்டது.

அத்தை வந்தாள். கடைக்காரன் ஏமாற்றிவிடுவான் என்று கூடவே அப்பாவும் வந்தார். கடைக்காரர் ஆரம்பித்தார்.

“இதோட டிஸ்ப்ளேவைப் பாருங்கம்மா, கலர் எல்லாம் கண்ணைப் பறிக்கும்!”

“எனக்கு ஏற்கெனவே பறிச்சாச்சு. சத்தத்தைக் காட்டுங்க,” என்றாள் அத்தை.

கடைக்காரர் அவசரமாக ஸ்பீக்கரைத் தேடி மாட்டினார்.

பென்டிரைவைக் கொடுத்தாள். அதில் இருந்த ஒரு கடிதத்தைத்தான் மூன்றும் படிக்க வேண்டும். பழைய டைப்ரைட்டரில் அடித்த தாளை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றியது. என்ன கடிதம் என்று எனக்குத் தெரியாது. பல வருடமாக அது அத்தையின் பென்டிரைவில் இருப்பது மட்டும் தெரியும்.

விண்டோஸில், அத்தை தன் பென்டிரைவிலேயே கொண்டுவந்திருந்த தகரம் படித்தது. கட கட கட கட. பத்து நொடியில் முடிந்தது. “இது என் சொந்த வீடு மாதிரி. இருட்டுலயும் நடப்பேன்,” என்றாள்.

மேக்கில் அதனுடைய குரல் படித்தது. அதையும் ஏற்றச் சொல்லி ஏற்றச் சொல்லிக் கேட்டாள். நமக்கு அதுவும் வண்டுச் சத்தம்தான், ஆனால் தேனில் குளித்த வண்டு. “நல்ல குரல். கல்யாணப் பத்திரிகை வாசிக்கப் பிறந்தது. நான் கரண்ட் பில் படிக்கறவ. இருந்தாலும் குறை சொல்ல ஒண்ணுமில்ல,” என்றாள்.

மூன்றாவது, லினக்ஸ். அண்ணன் பெருமையோடு பொத்தானை அழுத்தினார்.

தகரம் இழுத்தது. ஒவ்வொரு சொல்லாக. கடை முழுக்கக் கேட்டது. அன்றைக்குத்தான் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு முதன்முறையாகப் புரிந்தது.

“அன்புள்ள தோழிக்கு. நலம். எனக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்துவிட்டது. உங்கள் குரலைக் கேட்காமல் காலை வேலை தொடங்குவது கஷ்டமாக இருக்கும்.”

மெக்கானிக் அண்ணன் “நேத்து நல்லாத்தானே ஓடிச்சு” என்று முணுமுணுத்தபடி கையை நீட்டினார். “இருங்க தம்பி,” என்றாள் அத்தை. தகரம் தொடர்ந்தது.

“உங்களுக்குச் சம்மதமானால், வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து உங்கள் அண்ணனிடம் பேசுகிறேன்.”

அப்பா கடை வாசலைப் பார்த்துத் திரும்பினார். செருப்புச் சத்தம் இரண்டடி போனது.

“அண்ணா,” என்றாள் அத்தை. “இன்னும் ஒரு வரி இருக்கு. நின்னு கேட்டுட்டுப் போ.”

அப்பா நின்றார்.

“உங்களிடமிருந்து பதில் வராவிட்டால், விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.”

 திங்கட்கிழமை என் போனில் பார்த்த அதே வரி. அலுவலகம் வேறு, ஆள் வேறு, நடுவில் இருபத்தைந்து வருடம். வரி ஒன்றுதான்.

கடைக்குள் பிரிண்டர் ஒன்று யாரும் கேட்காமலே ஒரு தாளைத் துப்பியது. அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு, “பாப்பா, நீ கஷ்டப்படுவேன்னு...” என்று தொடங்கினார். 

“தெரியும் அண்ணா. வீட்டுக்குப் போய்ப் பேசலாம்,” என்ற அத்தை மெக்கானிக் பக்கம் திரும்பினாள். “தம்பி, இதையே போடுங்க. நாளைக்கே.”

“அக்கா, இது ஏனோ மெதுவா...”

“சரியாயிடும். போடுங்க.”

திரும்பி வரும்போது அப்பா பத்தடி முன்னால் நடந்தார். அத்தை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நானே கேட்டேன்.

“அத்தை, அந்தக் கடுதாசி...”

“ரெக்கார்டு செக்‌ஷன்ல டைப்பிஸ்டா இருந்தாரு. எனக்கு அப்ப இருபத்தாறு. உங்கப்பாதான் படிச்சுக் காட்டுச்சு. ‘நலம், மாற்றல் வந்துடுச்சு, நன்றி.’ அவ்வளவுதான்னு சொல்லிடுச்சு. நானும், சொல்லாமக்கூடப் போயிட்டாரேன்னு ஒரு வருஷம் திட்டிட்டே இருந்தேன். கம்ப்யூட்டர் வாங்கின அன்னைக்கு, பெட்டியில இருந்த பழைய தாளையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் கேட்டேன். பதிமூணு வருஷம் லேட்டு. அதுக்குள்ள அவருக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“அப்பாவை ஏன் ஒண்ணும் கேக்கலை?”

“கேட்டா அழும். அழுதா சமாதானம் பண்றது யாரு? நான்தான். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல வாலு, பாசம்தான். அந்தாள் என்னை நல்லா வச்சுக்குவாரோ மாட்டாரோன்னு பயம். முடிவு என்னுதுங்கறதை மட்டும் மறந்துடுச்சு.”

நான் அத்தையிடம் அப்போதே சொல்லியிருக்கலாம்.  ஊரை எல்லாம் வம்புக்கு இழுக்கும் வாய், தேவைப்படும்போது விடுமுறை எடுத்துக்கொண்டது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். வியாழக்கிழமை கடைக்கு லீவு போட்டேன். காலை எட்டு மணிக்கே மெக்கானிக் அண்ணன் வீட்டு வாசலில் நின்று அவரைக் கிளப்பினேன். “என்னம்மா, பல்லாவது விளக்க விடு,” என்றார். “வந்து விளக்கிக்கலாம்,” என்றேன்.

புது டிஸ்க்கை மாட்டியது அண்ணன். என் அறையிலிருந்து மானிட்டரைத் தூக்கிவந்து கொடுத்தது நான். பெட்டியைத் தூண்டிவிடும் முதல் இரண்டு திரைகளுக்குக் குரல் கிடையாது, அங்கே மட்டும் கண் வேண்டும். அதற்குப் பிறகு தகரம் எழுந்துகொண்டது. மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்த அத்தை, “இப்ப ரெண்டு பேரும் கையை எடுங்க,” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். மொழி, நேரம், பெயர், பாஸ்வேர்டு என்று ஒவ்வொன்றாகத் தகரம் கேட்க, அத்தை பதில் சொல்லிச் சொல்லித் தானே நிறுவினாள். இரண்டு இடத்தில் பழைய விண்டோஸ் சாவியை அழுத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேகத்தை மூன்று மடங்காக்கினாள். அறை மறுபடி கலகலத்தது.

மூன்றரை மணிக்கு அண்ணன் கிளம்பினார். “முதல்ல மெயில்,” என்றாள் அத்தை.

நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலேயும் கேட்டது, கட கட கட கட. பிறகு நிசப்தம். மறுபடி முதலிலிருந்து. பிறகு விசைப்பலகை. சின்னப் பதில்தான், இருபது தட்டு இருக்கும். பிறகு குரல்.

“வாலு! குழாயை மூடு. தண்ணி வீணாகுது.”

வெளியே வந்தேன். முகத்தைக் கழுவியதாகக் காட்டிக்கொள்ள முகத்தில் தண்ணீர் வேறு. யாருக்குக் காட்ட?

“சம்மதம்னு அனுப்பிட்டேன்,” என்றாள். “உக்காரு. ஸ்டூல் எங்க இருக்கோ எனக்குத் தெரியாது, நீதான் நகர்த்தியிருப்பே.”

உட்கார்ந்தேன். “அத்தை, திங்கட்கிழமை நான்...”

“தெரியும். திங்கட்கிழமையே தெரியும்.”

“எப்படி?”

“‘ஆவணங்கள் சரியாக உள்ளன.’ அதுக்கு அப்புறம் நீ மூச்சு வாங்கினே. நன்றி சொல்றதுக்கு யாரும் அவ்வளவு மூச்சு வாங்க மாட்டாங்க. உங்கப்பாவும் அன்னைக்கு அதே மாதிரிதான் வாங்குச்சு. எனக்குத்தான் அப்ப இருபத்தாறு வயசு, புரியலை. நாளுக்கு நானூறு பேரு போன்ல பொய் சொல்றதைக் கேட்டதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது.”

“அப்ப ஏன் அன்னைக்கே கேக்கலை?”

“நீ எதை விட்டேன்னு தெரியாது. விட்டேன்னு தெரியும். நீயா சொல்றியான்னு பார்த்தேன். சொல்லலை. கடைக்கு வந்தா தகரம் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி இழுக்குது. ஒரு விஷயம் நான் சீக்கிரம் படிக்கக் கூடாதுன்னு யாருக்கோ அவசரம். அப்பதான் முடிவு பண்ணினேன், எது நாளைக்கே வருமோ அதுதான் நமக்கு வேணும்னு.”

மூன்று கணினியைத் தேர்வுக்கு உட்காரவைத்து, நடுவில் என்னையும் உட்காரவைத்திருக்கிறாள். நான் மட்டும்தான் பெயில்.

“அப்ப லினக்ஸ் உனக்குப் பிடிக்கலையா?”

“பிடிக்காம என்ன. சாவிதான் கொஞ்சம் மாறுது. அது பழகிடும். எதை மாத்தணும்னாலும் ஒரு வரி டைப் பண்ணினா போதும்னு அந்தத் தம்பி சொல்லுது. படத்தைத் தேடிட்டு அலைய வேணாம். எனக்கு அது சௌகரியம்.”

நான் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டேன். “இங்க உனக்கு என்ன குறை அத்தை?”

“ஒரு குறையும் இல்ல. உங்கப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடுது. உங்கம்மா தட்டுல போட்டுக் கொடுக்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனா வாலு, ஐம்பத்தொரு வயசாச்சு. என் கையில ஒரு சாவி இருக்கணும். நாற்காலியை எங்க வச்சேனோ, திரும்பி வரும்போது அது அங்கேயே இருக்கணும். இது ஒரு பெரிய ஆசையா?”

 நான் நகர்த்திய நாற்காலிகளை எண்ணினால் ஒரு கல்யாண மண்டபத்தை நிரப்பலாம்.

அன்று சாயங்காலம் அப்பாவும் அத்தையும் சமையலறையில் வெகுநேரம் பேசினார்கள். அப்பா அழுதார். சமாதானம் செய்தது, வேறு யார், அத்தைதான். மறுநாள் அப்பாவே போய் புது வீட்டின் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, “பூட்டு சரியில்ல பாப்பா, வேற போடணும்,” என்றார். போட்டார். இரண்டு சாவி கொடுத்தார்கள். இரண்டையும் அத்தையிடமே கொடுத்துவிட்டார். அது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அத்தை போய் இரண்டு மாதம் ஆகிறது. நாலு தெரு தள்ளித்தான். தரைத்தளம், ஓர் அறை, ஒரு ஜன்னல், ஒரு மேஜை. மானிட்டர் இல்லை, அது மறுபடி என் அறைக்கே வந்துவிட்டது. போன வாரம் பழைய சாவியை அழுத்தி ஒரு முழுச் சுற்றறிக்கையை அழித்துவிட்டு, பெங்குவின் அண்ணனையும் லினக்ஸையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தானே ஏதோ ஒரு வரி டைப் அடித்து மீட்டெடுத்தாள். எங்கள் வீட்டில் இப்போது சாயங்காலம் ரொம்ப அமைதி. அம்மா ‘நல்லா நிம்மதியா இருக்குல்ல’ என்று சொல்லிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைக்கிறாள்.

நேற்று, எழுதி முடித்த இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அவளைப் பற்றி எழுதியது, அவளுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. நாற்காலியை நகர்த்தாமல் தரையில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டினேன். எறும்பு தும்மியதற்குச் சிரித்தாள். மானிட்டர் திருட்டுக்கு இன்னும் சிரித்தாள். தகரத்தைப் பற்றிய இடம் வந்தது. ‘அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்’ என்று படித்து, எனக்குப் பிடித்த சத்தம் என்ற அந்த இரண்டு வரியைத் தாண்டி, ‘போன வருடம் ஒரு நாள்’ என்று அடுத்த பத்திக்குப் போனேன்.

“நில்லு,” என்றாள் அத்தை.

“என்ன?”

“மூச்சு வாங்கினே.”

“படிக்கறப்ப மூச்சு விடக் கூடாதா? செத்துப்போகவா?”

“எத்தனை வரி விட்டே?”

“ஒண்ணும் விடலை அத்தை. சத்தியமா. தாள்ல அவ்வளவுதான் இருக்கு.”

அத்தை கையை நீட்டினாள். “ஜெராக்ஸ் கடைக்காரி நீ. டைப் பண்ணாம இவ்வளவு தாள் வந்திருக்காது. பென்டிரைவைக் கொடு, தகரம் படிக்கட்டும்.”